கட்டமைப்பு இனவாதமும் அதன் வேர்களும்: பினாங்கிலிருந்து சில கேள்வி பதில்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்களோடு வரலாறு பேசும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். அந்த வகுப்பில் மாணவர்களும், சில வேளைகளில் அவர்களை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களும் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகள் இவை.

கட்டமைப்பு இனவாதம் என்பது என்ன? சாதாரண இனவெறியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

ஒருவர் மற்றவரை அவருடைய இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால், இழிவுபடுத்தியவர் யார் என்று நம்மால் காட்ட முடியும். கட்டமைப்பு இனவாதத்தில் அப்படிக் காட்டுவதற்கு ஓர் ஆள் கிடைப்பதில்லை. சட்டம், சம்பளப் பட்டியல், நிலப் பட்டா, மானிய விதி, விண்ணப்பப் பாரம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓர் இனத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாகக் குறைவான பங்கையே கொடுத்துவரும். அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் விளைவு மாறாது.

நான் பணியாற்றிய பள்ளியே இதற்கு உதாரணம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலானவை தோட்ட முதலாளியின் நிலத்தில் கட்டப்பட்டவை. நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாத காரணத்தால் அவை 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற பிரிவில் சேர்க்கப்பட்டன. முழு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடைத்த கட்டட நிதி அவற்றுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அந்தப் பள்ளி ஏன் தோட்ட நிலத்தில் நிற்கிறது என்ற கேள்வியை எவரும் கேட்காமல் விட்டதே போதுமானதாக இருந்தது. மழைக் காலத்தில் ஒழுகும் வகுப்பறையில் வாளி வைத்துக்கொண்டு பாடம் நடத்திய நாட்களில் எனக்கும் இது விளங்கவில்லை. யாரோ ஓர் அதிகாரிக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

இந்தச் சொல்லாட்சி எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து வந்தது. ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967-இல் இதற்கு முன்னோடியான 'நிறுவன இனவாதம்' என்ற கருத்தை விளக்கி எழுதினார்கள். லண்டனில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். அவ்வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, 1999-இல் வெளியிட்ட அறிக்கையில் அதே கருத்தை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தியது. பெயர் புதியது, அது சுட்டும் நிலைமை மிகப் பழையது.

அதன் வரலாற்று வேர் எது? மனிதர்கள் எக்காலத்திலும் தம் கூட்டத்தாரையே விரும்பியவர்கள்தாமே?

தம்மவரை விரும்புவது வேறு, பிறரைச் சட்டப்படி மலிவாக்குவது வேறு. நவீன இனவாதத்தின் வேரைத் தேடிப்போனால் மனத்தைவிடக் கணக்கேடே முதலில் எதிர்ப்படுகிறது என்பது என் முடிவு.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமான வர்ஜீனியா, 1662-இல் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தை சுதந்திரமானதா அடிமையா என்பதைத் தாயின் நிலையே முடிவு செய்யும் என்றது அச்சட்டம். தந்தையின் வழியே உரிமை வருவது ஆங்கிலேயரின் வழக்கம். அதைத் தலைகீழாக மாற்றியதால், அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும், தந்தை பண்ணை முதலாளியாகவே இருந்தாலும், அவருடைய சொத்துப் பட்டியலில் சேர்ந்தது. கறுப்பினத்தார் தாழ்ந்தவர்கள் என்று விளக்கும் 'அறிவியல்' நூல்கள் பெருகியது அடுத்த நூற்றாண்டில்தான். முதலில் இலாபம் வந்தது, நியாயம் கற்பிக்கும் வேலை பின்னால் நடந்தது.

நம் கதை இங்கேதான் அக்கதையோடு இணைகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் வழங்கவில்லை. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டன் 2015 வரை அடைத்துக்கொண்டிருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரிஷியசுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அதே முறை இங்கே, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்தது. அங்குள்ள பத்து காவான், கலிடோனியா தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்கள், அடிமைமுறை விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பவே கொண்டுவரப்பட்டார்கள்.

வெள்ளையர் வருமுன்பே இந்நாட்டில் பல இனத்தவர் இருந்தார்கள். அப்போது வேற்றுமை இல்லையா?

இருந்தது. மலாக்கா துறைமுகத்தில் தமிழ் வணிகர், குஜராத்தியர், சீனர், ஜாவானியர் எனத் தனித்தனிக் குடியிருப்புகள் இருந்தன. உயர்வு தாழ்வும் இருந்தது. ஆனால் ஒருவர் மொழியை மாற்றிக்கொள்ளவும், மதம் மாறவும், மணவுறவின் வழியே மற்றொரு சமூகத்தில் கரையவும் வழி திறந்திருந்தது. வெள்ளையர் வந்த பிறகும் சிறிது காலம் அந்த வழி திறந்தே இருந்தது: ஜார்ஜ் டவுனில் மலாய்ப் பெண்களை மணந்த தமிழ் முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் 'ஜாவி பெரானாக்கான்' எனப்பட்டார்கள். அவர்களைத் தமிழர் என்பதா மலாய்க்காரர் என்பதா என்று அக்காலத்தில் யாரும் வற்புறுத்திக் கேட்டிருக்கத் தேவையில்லை.

காலனி ஆட்சிக்கு அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டியிருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் 1891-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மக்களை ஒரு சில பெருந்தலைப்புகளின் கீழ் அடைத்தது. நமக்குக் கிடைத்த தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்'. இன்று நாம் நிரப்பும் பாரங்களில் மலாய், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' (மற்றவர்) என நான்கு கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அவை அந்தப் பட்டியலின் பேரப்பிள்ளைகள்.

பெயர்ப்பட்டியல் மட்டுமாக அது நின்றிருந்தால் தீங்கு குறைவாக இருந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொழிலும் ஒரு குணமும் ஒதுக்கப்பட்டன. மலாய்க்காரர் சோம்பேறி, வயலில் இருக்கட்டும். சீனர் உழைப்பாளி ஆனால் அடங்காதவர், ஈய லம்பத்துக்கு (சுரங்கத்துக்கு) ஏற்றவர். தமிழர் பணிவானவர், மலிவானவர், பால்மரக் (ரப்பர்) காட்டுக்குப் பொருத்தமானவர். உயர்மட்ட நிர்வாகமான மலாயா சிவில் சேவைக்கு 1904-இல் தெளிவாகவே ஒரு விதி வைத்தார்கள்: விண்ணப்பிப்பவர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும்.

மலாய்க்காரர்களுக்கு இது சலுகையாக இருந்தது என்று நினைப்பது பிழை. 1913-ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அவர்களுடைய நிலத்தைக் காத்தது உண்மை. ஆனால் அந்நிலத்தில் நெல்லைத் தவிர்த்து இலாபமான பயிர் செய்யக் கிளம்பியபோது காலனி அரசாங்கம் அவர்களை ஊக்குவிக்கவில்லை. 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் திட்டம் ரப்பர் ஏற்றுமதிக்கு அளவு நிர்ணயித்தபோது, பெரும்பாலும் மலாய்க்காரர்களாக இருந்த சிறுதோட்டக்காரர்களின் விளைச்சல் குறைத்தே மதிப்பிடப்பட்டது. ஐரோப்பியத் தோட்டங்கள் தப்பித்துக்கொண்டன. 'சோம்பேறி' என்று பெயர் வைத்தவர்களே, உழைத்துச் சம்பாதிக்க வந்தவர்களைத் தடுத்தார்கள்.

தோட்டத்தில் இந்தக் கட்டமைப்பு அன்றாடம் எப்படி இயங்கியது?

என் அப்பாயி பால் வெட்டியவர். என் அம்மா ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) வளர்ந்தவர். ஆகவே இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தம். கப்பல் கூலியையும் முன்பணத்தையும் கடனாக ஏற்றி, கழிக்கும் வரை ஒரே முதலாளியிடம் வேலை செய்ய வேண்டும்; விட்டுப் போனால் அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. உழைப்பு உடன்பாட்டை மீறுவது முதலாளிக்கு நட்டம், தொழிலாளிக்குச் சிறை என்ற இந்த ஏற்பாடு 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பிருந்தே வளர்ந்துவந்த கங்காணி முறை அதன் இடத்தை நிரப்பியது. கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் உறவினரையும் சாதியினரையும் அழைத்துவந்தார். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார். தொழிலாளி யாரை நம்பி வந்தாரோ அவரே மேற்பார்வையாளரும் கடன் கொடுத்தவருமாக இருந்தபோது, எதிர்த்துப் பேச வாய் எழுமா?

அடுத்தது சம்பளம். 1920-களில் இந்தியத் தொழிலாளருக்கு 'நியமச் சம்பளம்' வகுக்கப்பட்டது. வேலையின் மதிப்பு என்ன என்று கணக்கிடவில்லை. ஒரு தமிழ்க் குடும்பம் உயிர் வாழ அரிசி, பருப்பு, துணி எவ்வளவு தேவை என்று கணக்கிட்டார்கள். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. சீனத் தொழிலாளருக்குப் பொதுவாக இதைவிடக் கூடுதல் கிடைத்தது. அவர் சந்தையில் பேரம் பேசினார். நம்மவருக்காக ஒரு குழு முடிவு செய்தது. உலகப் பொருளாதாரச் சரிவின்போது 1930-இல் ஆண்களின் நாள் சம்பளம் 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டது. தேவையில்லாதவர்கள் எனப்பட்ட பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் மீண்டும் சம்பளத்தில் கை வைத்தபோது, இந்திய அரசாங்கம் மலாயாவுக்குப் பயணச் செலவு கொடுக்கும் 'உதவிப் பயணத்தில்' தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது.

மூன்றாவது, மரியாதை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை நான் வகுப்பில் ஒவ்வொன்றாக வாசிப்பதுண்டு. சீனருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களை மானபங்கப்படுத்துவதை நிறுத்துதல். அவற்றோடு ஒன்று: துரைக்கோ (வெள்ளைக்கார நிர்வாகி) கிராணிக்கோ (தோட்டத்து எழுத்தர்) எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. இந்த வரியை வாசித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு மனிதன் தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்துகொண்டே போவதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலைநிறுத்தத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் உயிரிழந்தார்கள்.

1957-இல் சுதந்திரம் கிடைத்ததும் இது முடிந்திருக்க வேண்டுமே?

கொடி மாறிய அன்றே கோப்புகள் மாறிவிடுவதில்லை. குடியுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடத்தையும் தேதியையும் காட்டத் தாள் வேண்டும். லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) மருத்துவச்சி கையில் பிறந்த பலருக்குத் தாள் இல்லை, அல்லது எழுதிய கிராணி பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்ததும், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று; இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்படப் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தாங்கள் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் சிலர் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். தந்தையிடம் தாள் இல்லாததால் மகனுக்கும், மகனிடம் இல்லாததால் பேரனுக்கும் தாள் கிடைக்காத குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன்.

வீடும் அப்படியே. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு தோட்டங்களே வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, மூன்று தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்கள் ஒரு சதுர அடிக்கும் பட்டா இல்லாமல் வெளியேறி, புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினார்கள். பினாங்குத் தீவிலேயே, மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கம்போங் புவா பாலா 2009-இல் இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களின் நீண்ட கால வாழ்வுக்குச் சாட்சி இருந்தது. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய நிலப்பத்திரம் இல்லை.

புதிய பொருளாதாரக் கொள்கையையும் கட்டமைப்பு இனவாதம் என்று சொல்வீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். நான் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டேன்.

1970-இல் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. மலாய்க் குடும்பங்களில் அது ஏறத்தாழ 65 விழுக்காடு, இந்தியக் குடும்பங்களில் 39 விழுக்காடு, சீனக் குடும்பங்களில் 26 விழுக்காடு. மேலே சொன்ன காலனித்துவக் கட்டங்களின் விளைச்சல் இது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின்னர் 1971-இல் தொடங்கிய அக்கொள்கைக்கு இரண்டு நோக்கங்கள்: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது; தொழிலும் இனமும் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் நிலையை அகற்றுவது. இரண்டும் நியாயமானவை. இரண்டாவது நோக்கம் நம் முன்னோர்களைப் பால்மரத்தில் கட்டிப்போட்ட அதே கயிற்றை அறுப்பதாகத்தான் எழுதப்பட்டது.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து, நோயை உண்டாக்கிய அதே கட்டங்களின்படி வழங்கப்பட்டது. அதனால் ஒரு கட்டத்துக்குள் வசதியானவரையும் அது எட்டியது; மற்றொரு கட்டத்துக்குள் இருந்த தோட்டத்து ஏழையை எட்டவில்லை. சுதந்திர அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் மலாய்க்காரர்களுக்கான சிறப்புரிமைகளை 15 ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்று பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. இந்தச் சிறப்புரிமைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 153-ஆவது விதி மலாய்க்காரர்களையும் சபா, சரவாக் சுதேசிகளையும் குறிப்பிடுகிறது. தீபகற்பத்தின் மூத்த குடிகளான ஓராங் அஸ்லி மக்களை அவ்விதி குறிப்பிடவில்லை. இந்த ஒன்றையே நெடுநேரம் யோசித்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

"எனக்கு யார்மீதும் வெறுப்பில்லை, என் வீட்டை என் இனத்தாருக்கு மட்டும் வாடகைக்குக் கொடுக்கிறேன்" என்பவரை இனவாதி என்று சொல்லலாமா?

என் மகள் கோலாலம்பூரில் வேலை கிடைத்து அறை தேடியபோது, தொலைபேசியில் நன்றாகப் பேசிய ஒருவர் பெயரைக் கேட்டதும் "அறை போய்விட்டது" என்றார். அதே விளம்பரம் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தது. அவரை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒருவர் அப்படிச் செய்தால் அது அவருடைய விருப்பம் எனலாம். நூறு பேர் செய்யும்போது, ஒரு பெண் வேலைக்கு எவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும், எவ்வளவு கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பதை அவளுடைய பெயரே முடிவு செய்கிறது.

அரசியலமைப்பின் 8-ஆவது விதி சமத்துவத்தை உறுதி செய்கிறதே என்பார்கள். அடிப்படை உரிமைகள் அரசின் செயல்களையே கட்டுப்படுத்தும், தனியாருக்கிடையிலான உறவுகளை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. வேலையிடத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு முன்னேற்றம் உண்டு: 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பாகுபாடு தொடர்பான தகராறுகளைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம்.

ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் மலேசியா இருக்கிறதா?

இல்லை. 1965-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற அந்த உடன்படிக்கையில் சேரப்போவதாக 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது.

பாதிக்கப்பட்ட நாமே இனவாதிகளாக இருக்க முடியுமா?

முடியும், இருக்கிறோம். இதைச் சொல்லும்போது பெற்றோர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கங்காணி தன் சாதியாரை அழைத்துவந்ததால் லயங்களும் சாதிவாரியாக அமைந்தன. ஒரே சம்பளம் வாங்கி, ஒரே துரைக்கு அஞ்சியவர்கள், ஒருவர் வீட்டில் மற்றொருவர் தண்ணீர் குடிக்கவில்லை. 1929-இல் பெரியார் பினாங்கில் வந்திறங்கியபோது அவருக்குப் பேச விஷயம் இல்லாமல் போகவில்லை. இன்றும் மணமக்கள் தேடும் விளம்பரங்களில் சாதியும் 'சிவந்த நிறமும்' இடம்பிடிக்கின்றன.

இன்னொன்று, இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வரும் தொழிலாளர்கள். தரகருக்குக் கடன்பட்டு வருகிறார்கள், ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடக்கிறார்கள், கடப்பிதழ் பிறர் கையில் இருக்கிறது, தங்குமிடம் வேலையோடு சேர்ந்தே போகிறது. செபராங் பிறைக்கு நம் பூட்டன் வந்த விதத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் உணவகங்களில் தட்டுக் கழுவுபவரை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

'கெலிங்' என்ற சொல் வசைச்சொல்லா? ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிவாசலுக்கே அந்தப் பெயர் இருக்கிறதே?

கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்ததாகக் கொள்ளப்படும் அச்சொல், தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணப் பெயராகவே நெடுங்காலம் இருந்தது. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் இழிவு ஏதும் இல்லை, அது ஒரு தலைவரின் பட்டம். கூலியாக வந்தவர்களைக் குறிக்கத் தொடங்கிய பிறகே அச்சொல்லில் ஏளனம் ஏறியது. பள்ளிவாசலின் பெயரை மாற்றச் சொல்லமாட்டேன். என் முகத்துக்கு நேரே சொன்னால் பொறுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

என் குடும்பத்தின் தோட்டத்து வரலாற்றைத் தேட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்து. பழைய அடையாள அட்டை, பள்ளி விடுகைச் சான்றிதழ், கப்பல் சீட்டு, தொழிற்சங்க உறுப்பினர் அட்டை எதுவாயினும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்களிடம் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கங்காணி என்ற மூன்றையும் தவறாமல் கேளுங்கள். அதன் பிறகு கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் போன்ற காலனிக் காலத்து ஆவணங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயரும் ஆவணத்திலுள்ள ஆங்கிலப் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆட்களின் பெயர்களைக் கிராணிகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். என் அப்பாயியின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருக்கிறது. அவற்றில் ஒன்றில் அவருடைய தந்தையின் பெயருக்குரிய இடத்தில் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஓர் எழுத்துக்கூட்டலில் தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாமல், அந்தப் பெயரைத் தமிழ் தெரியாத ஒருவர் எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.